பீர் ஆலை ஸ்டைன் குவளைக்கு விலை மதிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்டைன் எனப்படும், மூடி போட்ட ஜெர்மன் பீர் குவளை ஒன்று கைக்கு வந்துவிட்டால் எல்லோரும் முதலில் கேட்பது, "இது எத்தனை வருஷம் பழசு?" விலை மதிக்க உட்காரும்போது அந்தக் கேள்வி மூன்றாவது இடத்துக்குத்தான் வரும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. குவளையில் எந்த ஆலையின் பெயர் இருக்கிறது? மூடி அந்தக் குவளைக்கே செய்ததா? நூறு வயதான ஸ்டைன்கள் ஜெர்மனியில் ஏராளம். முதல் உலகப் போருக்கு முன்பே இழுத்து மூடிவிட்ட ஒரு சிற்றூர் ஆலையின் குவளை, மூடியும் கீலும் பழுதில்லாமல் கிடைப்பதுதான் அபூர்வம். பணம் அந்த அபூர்வத்துக்குத்தான்.

இந்த வழிகாட்டி பீர் ஆலைகள் தங்கள் பெயரோ முத்திரையோ போட்டு வெளியிட்ட ஸ்டைன்களைப் பற்றியது. ராணுவப் படைப்பிரிவுக் குவளைகள், மண்டை ஓடு, துறவி போன்ற உருவக் குவளைகள் எல்லாம் தனி உலகம், அவற்றுக்குள் போகவில்லை. மியூனிக்கில் ஆண்டுக்கு மூன்று முறை நடக்கும் அவுவர் டுல்ட் சந்தையில் வாங்கியதாக இருக்கலாம், அமெரிக்காவில் வாடகைக்கு எடுத்த வீட்டின் பரணில் கிடந்ததாக இருக்கலாம். பார்க்கும் முறை ஒன்றுதான்.

முதலில், எந்த விலை வேண்டும்?

ஒரே குவளைக்கு ஒரே நாளில் மூன்று விலை உண்டு. காப்பீட்டுக்குச் சொல்லும் விலை என்பது அதே மாதிரி இன்னொன்றைக் கடையில் வாங்க என்ன ஆகும் என்ற கணக்கு. மூன்றில் இதுதான் அதிகம். சந்தை விலை என்பது அவசரமில்லாமல் விற்பவரும் விவரம் தெரிந்து வாங்குபவரும் ஒத்துப்போகும் தொகை. வியாபாரி கையில் கொடுக்கும் விலை அதில் ஏறக்குறைய பாதி. அவர் அதை மாதக்கணக்கில் அலமாரியில் வைத்திருந்து, வாடகை கொடுத்து, பிறகு விற்க வேண்டும். ஏமாற்றுகிறார் என்று கோபப்பட வேண்டியதில்லை.

சொத்துப் பிரிக்கும் வீடுகளில் பாதிச் சண்டை இதனால்தான் வருகிறது. ஒருவர் காப்பீட்டு விலையைச் சொல்வார், இன்னொருவர் வியாபாரி சொன்ன விலையைச் சொல்வார். இருவரும் சொல்வது சரியாகவே இருக்கும். இந்த வழிகாட்டியில் 'விலை' என்று வெறுமனே சொன்னால் நடுவில் உள்ள சந்தை விலையையே சொல்கிறேன்.

கழுவாதீர்கள், பளபளப்பாக்காதீர்கள்

பழைய மூடிகள் பெரும்பாலும் பியூட்டர் எனப்படும் வெள்ளீயக் கலவை. நம் வீட்டு ரசம் வைக்கும் ஈயச் சொம்பைப் போலவே, இதுவும் சூடு தாங்காத மெத்தென்ற உலோகம். சாம்பல் பூத்த மங்கல் நிறம்தான் அதன் வயதுக்குச் சாட்சி. பாலிஷ் போட்டுத் தேய்த்தால் சேகரிப்பவர் முகம் சுளிப்பார். மூடியில் பொறித்த பெயரும் எழுத்தும் தேய்ந்தே போகும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடவே கூடாது. தூசி தட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

தேவைப்படும் சாமான்கள் கொஞ்சம்தான்: பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி, சின்ன டார்ச், அளவு நாடா, முடிந்தால் ஒரு புறஊதா விளக்கு. கைப்பேசிக் கேமரா கையிலேயே இருக்கிறது. மேசையில் தடித்த துண்டு ஒன்றை விரித்து அதன் மேல் வைத்துப் பாருங்கள். தூக்கும்போது ஒரு கை அடியில் இருக்கட்டும். கைப்பிடியை மட்டும் பிடித்துத் தூக்குவது, பழைய ஒட்டு இருந்தால் ஆபத்து. மூடியைப் பிடித்துத் தூக்குவது எப்போதுமே ஆபத்து.

அடிப்பாகம் என்ன சொல்கிறது

குவளையைக் கவிழ்க்கும் முன் மூடியைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அது படாரென்று திறந்து கீல் முறுக்கிக்கொள்ளும். அடியில் பார்க்க வேண்டியது செய்தவரின் முத்திரை, நாட்டின் பெயர், எண்கள், தேய்மானம்.

ஜெர்மன் ஸ்டைன்களின் பெரும்பகுதி வெஸ்டர்வால்ட் வட்டாரத்தில், குறிப்பாக ஹோர், கிரென்ஸ்ஹாவுசன் என்ற இரட்டை ஊர்களில் சுட்டவை. மெர்கல்பாக் அண்ட் விக், மார்ஸி அண்ட் ரெமி, ரைன்ஹோல்ட் மெர்கல்பாக், சைமன் பீட்டர் கெர்ஸ், தேவால்ட் போன்ற பெயர்கள் அல்லது அவற்றின் சின்னங்கள் அடியில் அழுந்தியிருக்கும். முத்திரையே இல்லாத குவளைகளும் நிறைய. மியூனிக் ஆலைக்காகச் செய்த சாதாரணச் சாம்பல் நிறக் குவளையில் செய்தவர் பெயர் இல்லாவிட்டால் அதற்காக மதிப்பைக் குறைக்க வேண்டாம்.

நாட்டின் பெயர் காலத்தைச் சொல்லும். 1890-இல் வந்த அமெரிக்கச் சுங்கச் சட்டத்தால் 1891 முதல் அங்கே இறக்குமதியாகும் பொருளில் பிறந்த நாட்டைக் குறிக்க வேண்டியிருந்தது. ஆகவே 'ஜெர்மனி' என்று மட்டும் இருந்தால் 1891-க்குப் பிற்பட்ட ஏற்றுமதிச் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். 'அமெரிக்க மண்டல ஜெர்மனி' என்றால் இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகள். 'மேற்கு ஜெர்மனி' என்றால் 1949-க்கும் 1990-க்கும் இடையில். எதுவுமே இல்லையென்றால் உள்நாட்டில் விற்றதாக இருக்கலாம். அது பழசு என்பதற்கு ஆதாரமாகாது. 'டி.ஆர்.ஜி.எம்.' என்ற எழுத்துகள் ஜெர்மன் பேரரசின் பயன்பாட்டு மாதிரிப் பதிவைக் குறிப்பவை. அந்தப் பதிவுமுறை 1891-இல் தொடங்கியது, எனவே அதற்கு முந்தைய குவளையில் அது இருக்க முடியாது. 'கெஸ். கெஷ்.' என்ற சுருக்கத்துக்குச் 'சட்டப்படி பாதுகாக்கப்பட்டது' என்று பொருள். பலர் இதை ஆலையின் பெயர் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு ஏற்றது என்ற குறியோ பட்டைக் குறியீட்டு ஒட்டியோ அடியில் இருந்தால் ஆராய்ச்சி அங்கேயே முடிந்தது.

மேலே விளிம்புக்குக் கீழே ஒரு கோடும் பக்கத்தில் லிட்டர் அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெர்மனியில் மெட்ரிக் அளவு 1872 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. மதுக்கடைக் குவளைகளில் கொள்ளளவைக் கோடு போட்டுக் காட்ட வேண்டும் என்ற பேரரசுச் சட்டம் 1881-இல் இயற்றப்பட்டு 1884 தொடக்கத்திலிருந்து அமலானது. பீர் ஆலைக் குவளை கடையில் ஊற்றிக் கொடுக்கப் பிறந்தது. ஆகவே கோடும் அளவும் இருப்பது இயல்பு. நினைவுப் பொருளாக விற்றவற்றில் அது இல்லாமலும் இருக்கும்.

அடி விளிம்பில் மெருகு, அதாவது கண்ணாடிப் பூச்சு, இல்லாத வளையத்தை விரலால் தடவுங்கள். நூறு ஆண்டுகள் மேசையில் உரசிய வளையம் வழவழப்பாக, கொஞ்சம் கறுத்து இருக்கும். தேய்மானம் ஒரே சீராக, ஒரே திசையில் கீறல்களோடு இருந்தால் யாரோ உப்புத்தாளால் வயதேற்றியிருக்கிறார்கள்.

மெட்லாக் கிடைத்தால் தனியாக எடுத்து வையுங்கள்

சார் ஆற்றங்கரையில் மெட்லாக் என்ற ஊரில், பழைய பெனடிக்ட் மடத்துக் கட்டடத்தில் வில்லெராய் அண்ட் போக் நிறுவனம் நடத்திய தொழிற்சாலைதான் ஸ்டைன் உலகத்தின் பெரிய பெயர். 1880-க்கும் 1910-க்கும் இடைப்பட்டது அதன் பொற்காலம். 1921-இல் தீ விபத்து ஏற்பட்டது. மடத்தின் கோபுரம் அழுந்திய முத்திரை, அல்லது மெர்குரி தேவனின் தலை அச்சிட்ட முத்திரை, இரண்டில் ஒன்று அடியில் இருக்கும். கூடவே சில எண்கள்: பெரியது வடிவ எண், சின்னதாகத் தனியே நிற்கும் இரண்டு இலக்கம் பல சமயம் ஆண்டு. 98 என்றால் 1898.

ஆலைகளுக்காகச் செய்தவற்றில் பெரும்பகுதி, மெருகுக்கு அடியில் படம் அச்சிட்ட வகை. 1526, 1909, 2140 என்ற வடிவ எண்கள் திரும்பத் திரும்ப வரும், ஏனென்றால் அந்த வெற்றுக் குவளைகளின் மேல் எந்த ஆலை கேட்டாலும் அதன் படத்தைப் போட்டுக் கொடுத்தார்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். '1526' என்று இணையத்தில் தேடி, வேறு படம் போட்ட 1526 விற்ற விலையைத் தன் குவளைக்கு வைத்துக்கொள்கிறார்கள். வடிவ எண் விலையைச் சொல்லாது. மேலே உள்ள படமும் ஆலையும்தான் சொல்லும். 1909 என்ற எண்ணைப் பார்த்து அந்த ஆண்டில் செய்தது என்று சொல்பவர்களும் உண்டு.

செதுக்கிய கோடுகளுக்குள் வண்ண மண் நிரப்பியது போன்ற வகை மெட்லாக்கின் உயர்ந்த வேலை. அதில் ஆலை முத்திரை உள்ளவை குறைவு, விலையும் அதற்கேற்ப மேலே போகும். நிறுவனம் பிற்காலத்திலும் ஸ்டைன்கள் வெளியிட்டது. அவையும் அசல் மெட்லாக்தான், ஆனால் பழைய விலை அவற்றுக்குக் கிடையாது.

ஆலையின் பெயரைப் படியுங்கள்

மதிப்பீட்டில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. பீர் ஆலைகள் ஒன்றையொன்று விழுங்கி வளர்ந்தவை. எந்தப் பெயர் எந்த ஆண்டு வரை தனியாக இருந்தது என்று தெரிந்தால் குவளையின் காலம் தானாகக் கைக்கு வரும்.

மியூனிக்கையே எடுத்துக்கொள்வோம். ஹாக்கரும் ப்ஷோரும் தனித்தனி ஆலைகள், 1972-இல்தான் ஒன்றாயின. 'ஹாக்கர்-ப்ஷோர்' என்று சேர்த்து எழுதியிருந்தால், மூடியும் கறையும் எவ்வளவு பழசாகத் தெரிந்தாலும் அதை நூற்றாண்டுக் குவளை என்று நம்ப முடியாது. யூனியன் ஆலை 1921-இல் லோவன்பிராயோடு இணைந்தது. ஸ்பாட்டனும் ஃப்ரான்சிஸ்கானர்-லைஸ்ட்பிராயும் 1922-இல் சேர்ந்தன. பவுலானரும் தோமாஸ்பிராயும் 1928-இல். ஆகவே 'தோமாஸ்பிராய்' என்று மட்டும் எழுதிய சாம்பல் நிறக் குவளை 1928-க்கு முந்தையது என்று துணிந்து சொல்லலாம், பின்னால் யாரும் அதை மறுபதிப்பு செய்யவில்லை என்று உறுதியானால்.

முத்திரைகளுக்கும் பிறந்த தேதி உண்டு. ஸ்பாட்டன் ஆலையின் மண்வெட்டிச் சின்னத்தை ஓட்டோ ஹுப் என்ற ஓவியர் 1884-இல் வரைந்தார். அதில் உள்ள இரண்டு எழுத்துகள் ஆலை உரிமையாளராக இருந்த கேப்ரியல் செடல்மாயரின் முதலெழுத்துகள். லோவன்பிராயின் சிங்கம் 1886-இல் வணிகச் சின்னமானது. 'ஆலை தொடங்கிய ஆண்டு' என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைக் குவளையின் ஆண்டாக நினைத்துவிடக் கூடாது. ஸ்பாட்டன் 1397 என்று போடும், ஆகுஸ்டினர் 1328 என்று போடும். அப்படிப் போட்ட கண்ணாடிக் குவளை போன மாதம் தயாரானதாக இருக்கலாம்.

சரி, பெயர் தெரிந்தது, காலம் தெரிந்தது. விலைக்கு அது என்ன செய்கிறது? இன்றும் உலகமெங்கும் பீர் விற்கும் ஆலையின் குவளை லட்சக்கணக்கில் கிடக்கிறது. அரச மதுவகமான ஹோஃப்பிராய்ஹாவுஸ் 1589-இல் தொடங்கியது. அதன் கிரீடமும் 'எச்.பி.' எழுத்துகளும் போட்ட சாம்பல் நிறக் குவளை, மூடியில்லாதது, ஜெர்மன் சந்தைகளில் ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கும். செய்த தரத்தில் அதற்குச் சற்றும் குறையாத, ஆனால் யாரும் கேள்விப்படாத, ஜெர்மனியின் ஃப்ராங்கோனியா வட்டாரச் சிற்றூர் ஆலையின் குவளைக்குப் பல மடங்கு கொடுக்க ஆள் வரும். ஸ்டைன் சேகரிப்பவர் ஒருவர், அந்த ஊர்ச் சரித்திரம் சேகரிப்பவர் இன்னொருவர், இருவரும் ஏலத்தில் மோதிக்கொள்வார்கள். ஊர்ப் பெயர் தெளிவாக இருக்கிறதா என்பது அதனால்தான் முக்கியம். வெறும் நட்சத்திரமோ சிங்கமோ மட்டும் இருந்து ஊர்ப் பெயர் இல்லையென்றால் இரண்டாவது ஆள் வரமாட்டார்.

மியூனிக் குழந்தைத் துறவியின் படம் இருப்பதால் மட்டும் அது ஆலைக் குவளை ஆகிவிடாது. அது நகரத்தின் சின்னம். சுற்றுலாப் பயணிகளுக்கு அந்தக் காலத்திலேயே அந்தப் படத்தோடு நிறைய விற்றார்கள்.

வடிவமைத்தவரின் பெயர் இருந்தால் கவனியுங்கள். ஃப்ரான்ஸ் ரிங்கர் என்ற மியூனிக் ஓவியர் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வரைந்த குவளைகளைத் தேடி வாங்குபவர்கள் தனியாக இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தவையும் அவைதான்: நாலைந்து வண்ணம், தடித்த கோடு, அலட்டல் இல்லை.

படம் எப்படி வந்தது

பூதக்கண்ணாடியை எடுங்கள். பழைய கல்லச்சுப் படத்தில் நிழல் இருக்கும் இடங்களில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், கை வைத்துக் குத்தியதுபோல் இறைந்து கிடக்கும். நவீன அச்சில் புள்ளிகள் வரிசை பிடித்து, வலை விரித்ததுபோல் நிற்கும். இதைப் பார்க்கப் பத்து நொடி போதும். போலிகளில் பாதி இங்கேயே பிடிபடும். கையால் வரைந்ததில் தூரிகை இழுத்த தடம் தெரியும். சில குவளைகளில் வெளிக்கோடு அச்சு, உள்ளே நிறம் மட்டும் கை.

வெஸ்டர்வால்டின் பழைய சாம்பல்-நீலக் குவளைகளின் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோலைப் போல நுண்ணிய குழிகளோடு இருக்கும். சூளை ஏறக்குறைய 1200 டிகிரியைத் தொடும்போது உள்ளே உப்பை வீசுவார்கள். ஆவியான உப்பு மண்ணில் உள்ள மணற்சத்தோடு சேர்ந்து கண்ணாடிப் பூச்சாகிவிடும். நீலம் கோபால்ட். இந்தத் தோலைச் சில குவளைகளில் தொட்டுப் பழகிவிட்டால், வழவழவென்று மெருகு ஊற்றிய நவீனச் சாம்பல் குவளையை விரலே கண்டுபிடித்துவிடும்.

மூடியை விசாரியுங்கள்

மூடி போனால் விலை ஏறக்குறைய பாதியாகும் என்பது என் கைக்கணக்கு. வேறொரு குவளையின் மூடியைப் பொருத்தியிருந்தால் இழப்பு அதைவிடச் சற்றுக் குறைவு. அதை மறைத்து விற்பது அதிகம்.

ஒரு சாதாரண அரை லிட்டர் மியூனிக் குவளையைக் கண்ணருகே கொண்டுவந்து பார்ப்போம். கைப்பிடியின் மேல் வளைவை ஒரு பியூட்டர் பட்டை சுற்றிப் பிடித்திருக்கிறது. அதிலிருந்து மேலே எழும் கீலில் ஐந்து வளையங்கள், நடுவே ஒரு ஆணி. கீலிலிருந்து மூடி வரை ஒரு குட்டைத் தண்டு. தண்டின் மேல் கட்டைவிரல் அழுத்தும் பிடி. மூடியை மெதுவாக, முழுதாகத் திறங்கள். அந்தப் பிடி பின்னால் சாய்ந்து எங்கே போய் இடிக்கிறது? பழைய ஜோடியாக இருந்தால் இடிக்கும் அந்த இடத்தில் பட்டையிலோ கைப்பிடியிலோ ஒரு சின்னக் குழியோ பளபளத்த தேய்வோ இருக்கும். இப்போது மூடுங்கள். மூடியின் விளிம்பு குவளையின் வாயைச் சுற்றிலும் ஒரே அளவு வெளியே நீட்டியிருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் துருத்திக்கொண்டிருக்கிறதா? பட்டையின் மங்கலும் மூடியின் மங்கலும் ஒரே நிறமா? தண்டும் மூடியும் சேரும் இடத்தில் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். மயிரிழை போன்ற கறுப்புக் கோடு தெரிந்தால் அது உலோகக் கிழிசல், பல ஆண்டு அழுத்தியதால் வருவது. பற்றவைத்த இடம் என்றால் உலோகம் மெழுகு வழிந்ததுபோல் கட்டியாக நிற்கும்.

நடுவில் பீங்கான் வட்டு பதித்து, அதில் ஆலையின் முத்திரை போட்ட மூடிகள் உண்டு. வட்டில் ஒரு ஆலை, குவளையில் வேறு ஆலை என்றால் விஷயம் முடிந்தது. இரண்டிலும் ஒரே ஆலை என்றால் விலை கணிசமாக ஏறும். மூடியில் யாருடைய பெயரோ, 'கிறிஸ்துமஸ் 1905' என்பது போன்ற வாசகமோ பொறித்திருந்தால் பயப்பட வேண்டாம். காலத்துக்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை.

மூடியே இல்லாத குவளையில் கைப்பிடியின் மேல் வளைவைத் தடவிப் பாருங்கள். உலோகம் பிடித்த சாம்பல் கறையோ உரசலோ இருந்தால் மூடி இருந்து போயிருக்கிறது. சுத்தமாக இருந்தால் அது மூடியில்லாமலே மதுக்கடையில் புழங்கிய குவளை. அதற்கு மூடி போன கழிவைப் போடக் கூடாது. இந்த ஒரு வேறுபாட்டைப் பல வியாபாரிகளே கவனிப்பதில்லை, வாங்குபவருக்கு லாபம்.

உடைசலும் ஒட்டும்

குவளையை உள்ளங்கையில் வைத்து, மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு விரல் நகத்தால் சுண்டுங்கள். நல்ல குவளை மணிபோல் ஒலிக்கும். விரிசல் இருந்தால் தட்டையான சத்தம் வரும். உள்ளே டார்ச் வைத்து வெளியே பாருங்கள், வெளியே வைத்து உள்ளே பாருங்கள். கைப்பிடி உடம்போடு சேரும் இரண்டு இடங்களும் வாய் விளிம்பும்தான் வழக்கமாக அடிபடும். அறையை இருட்டாக்கி புறஊதா விளக்கடித்தால் பின்னால் பூசிய பசையும் வண்ணமும் சுற்றியுள்ள மெருகிலிருந்து வேறாக ஒளிரும்.

அடி விளிம்பில் அரிசி அளவு சில்லு போயிருந்தால் பெரிதாகக் கழிக்க வேண்டாம். வாய் விளிம்புச் சில்லுக்குக் கழிவு அதிகம். படத்தின் குறுக்கே ஓடும் விரிசல், சாதாரணக் குவளையின் விலையை மூன்றில் ஒரு பங்காக்கிவிடும். அபூர்வக் குவளையை அந்த அளவு தண்டிக்காது, ஏனென்றால் அதற்கு மாற்று கிடைக்காது. மெருகில் மட்டும் தெரியும் வலைபோன்ற நுண்கோடுகள் சுட்டபோதோ வயதாலோ வந்தவை. அவற்றை விரிசலாக எண்ண வேண்டாம்.

அமெரிக்கக் குவளைகள்

அமெரிக்க வீடுகளில் அதிகம் கிடைப்பது பட்வைசரின் பண்டிகைக்கால ஸ்டைன். ஆன்ஹைசர்-புஷ் நிறுவனம் 1980-இல் தொடங்கி ஆண்டுதோறும் வெளியிட்ட வரிசை அது. கிளைட்ஸ்டேல் குதிரைகள் வண்டி இழுக்கும் படம் இருக்கும். பல காலம் பிரேசிலின் செராமார்ட்டே நிறுவனம் செய்து கொடுத்தது. எண்ணுக்கு முன் 'சி.எஸ்.' என்று வரும். சேகரிப்பதற்கென்றே பெருமளவில் செய்ததால், பத்திரமாக வைத்தவர்களும் பெருமளவில் இருக்கிறார்கள். பெரும்பாலானவை 10 முதல் 25 டாலருக்குள் முடிந்துவிடும். அனுப்பும் செலவு குவளை விலையைத் தாண்டும். 1980-ஆம் ஆண்டுக் குவளைக்கு 'முதலாவது' என்ற பெருமை உண்டு, ஆனால் தாராளமாகக் கிடைக்கிறது. 1981-ஆம் ஆண்டுக் குவளை அதைவிடக் குறைவாகவே கண்ணில் படும். அசல் பெட்டியும் சான்றிதழும் இருந்தால் விற்பது எளிது. நாற்பது குவளை சேர்த்து வைத்தவர் மொத்தமாகப் பெரிய தொகை எதிர்பார்ப்பார். அவரிடம் உண்மையைச் சொல்வது சங்கடமான வேலை, ஆனாலும் சொல்லிவிட வேண்டும்.

மதுவிலக்குக்கு முந்தைய அமெரிக்கக் குவளைகள் வேறு ரகம். 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கில் ஆலைகள் கூட்டமாக மூடின. பல திரும்பத் திறக்கவே இல்லை. நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகாவில் வைட் மண்பாண்டச் சாலை செய்தவையும், ஜெர்மனியிலிருந்து தருவித்தவையும் உண்டு. ஆலையும் ஊரும் தெளிவாக அச்சான குவளைக்கு உள்ளூரிலேயே போட்டி இருக்கும்.

விற்ற விலையைத் தேடுங்கள், கேட்கும் விலையை அல்ல

ஈபேயில் ஒருவர் 900 டாலர் என்று போட்டு மூன்று ஆண்டாக வைத்திருக்கலாம். அது விலை ஆகாது. 'விற்றவை' என்ற வடிகட்டியைப் போட்டுத் தேடுங்கள். ஸ்டைன்களுக்கென்றே ஏலம் நடத்தும் நிறுவனங்களின் பழைய முடிவுகளும் இணையத்தில் கிடைக்கும். 1965-இல் தொடங்கிய பன்னாட்டு ஸ்டைன் சேகரிப்பாளர் சங்கம் பழைய குவளைகளைப் பற்றி நிறைய ஆவணப்படுத்தியிருக்கிறது. ஜெர்மன் சொற்களிலும் தேடுங்கள். ஆலையின் பெயரோடு 'பீர்குருக்' என்ற சொல்லை ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் சேர்த்தால், ஆங்கிலத்தில் வராத முடிவுகள் வரும். இருபது, முப்பது ஆண்டுக்கு முந்தைய விலைப் புத்தகம் கையில் இருந்தால் அதை அடையாளம் காண மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டைன் விலைகள் அன்றிருந்ததைவிடப் பெரும்பாலும் இறங்கிவிட்டன.

கணக்குப் போடும் விதத்துக்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. உங்கள் குவளை ஒரு சிற்றூர் ஆலையினது, அரை லிட்டர், அசல் மூடி, தண்டில் சின்னக் கிழிசல். அதே ஆலையின் மூன்று விற்பனைகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம்: பழுதில்லாத ஒன்று ஏலத்தில் 250 டாலர், மூடியில்லாத ஒன்று 95, விளிம்பில் சில்லு போன ஒன்று 160. முதலில் 250 என்பது கட்டணம் சேர்ந்த தொகையா என்று பாருங்கள். ஏல நிறுவனங்கள் வாங்குபவரிடம் 20 முதல் 25 சதவீதம் மேலே வாங்குவது சகஜம். 25 சதவீதம் சேர்ந்தது என்றால் சுத்தியல் விழுந்த விலை 200. விற்றவர் கைக்குப் போனது அதிலும் குறைவு. கிழிசலுக்காக 200-இல் கால் பங்கு கழித்தால் 150. சில்லு போனது 160-க்குப் போயிருக்கிறது, மூடி போனது 95-க்கு. ஆக 140 முதல் 160 வரை என்று எழுதலாம். ஒரே எண்ணைச் சொல்லாமல் இடைவெளியாகச் சொல்வதுதான் நேர்மை.

அதே ஆலையின் விற்பனை எதுவுமே கிடைக்காவிட்டால், அதே அளவு ஊர், அதே காலம், அதே செய்முறை கொண்ட வேறு ஆலைக் குவளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்கவில்லை என்பதே அபூர்வம் என்பதற்கு ஒரு குறிப்பு. யாருமே தேடவில்லை என்பதற்கும் அதுவே குறிப்பாக இருக்கலாம். இரண்டில் எது என்று ஏலத்தில் விட்டால்தான் தெரியும்.

எப்போது நிபுணரிடம் போவது

நூறு டாலர் குவளைக்கு எழுத்துப்பூர்வ மதிப்பீடு எடுப்பது வீண் செலவு. பெரிய சேகரிப்பு, சொத்துப் பங்கீடு, காப்பீடு என்றால் தேவைப்படும். அமெரிக்காவில் 5,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள பொருள்களை நன்கொடையாகக் கொடுத்து வரிச் சலுகை கேட்பதாக இருந்தால் தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். மதிப்பில் இத்தனை சதவீதம் கட்டணம் என்று கேட்பவரிடம் போக வேண்டாம், மதிப்பை உயர்த்திச் சொல்வதில் அவருக்கு லாபம் இருக்கிறது. மதிப்பு சொல்லிவிட்டு "நானே வாங்கிக்கொள்கிறேன்" என்பவரிடமும் யோசித்துப் பேசுங்கள்.

நேரில் கொண்டுபோக முடியாவிட்டால் படம் அனுப்பலாம். முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, அடி, மூடி மேலிருந்து, மூடியின் உள்புறம், கீல் நெருக்கத்தில், ஒவ்வொரு பழுதும் நெருக்கத்தில். உயரம், கொள்ளளவு, எடை எழுதுங்கள். பகல் வெளிச்சத்தில் எடுங்கள், ஃப்ளாஷ் வேண்டாம்.

விற்று அனுப்பும்போது மூடிக்கும் வாய்க்கும் நடுவில் மடித்த மெல்லிய தாளைத் திணித்து, மூடி ஆடாமல் பஞ்சுத்தாளால் சுற்றிக் கட்டுங்கள். ஒட்டும் நாடா குவளையின் மேல் நேராகப் படக் கூடாது, பழைய பொன்வண்ணம் அதோடு உரிந்து வரும். குவளைக்குள்ளும் தாள் நிரப்புங்கள். அப்புறம் ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, இரண்டுக்கும் நடுவே நான்கு விரல் கனத்துக்கு நிரப்பு. மூடுவதற்கு முன் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழியில் உடைந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது எப்படிப் பொதிந்தீர்கள் என்றுதான்.